சிறிய காருக்கு லோவரிங் ஸ்பிரிங்: டயர் உரசாமல் எவ்வளவு இறக்கலாம்?

#1 கருநீலஹேட்ச்

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது ஒரு சிறிய ஹேட்ச்பேக். முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாகச் சேர்ந்தது), பின்னால் டார்ஷன் பீம் (இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் முறுகக்கூடிய குறுக்குச் சட்டம்). காரின் பெயரைச் சொன்னால் பேச்சு அதன் மைலேஜுக்கும் மறுவிற்பனைக்கும் திரும்பிவிடும் என்பதால் வேண்டுமென்றே தவிர்க்கிறேன். கம்பெனி கொடுத்த வீல் 15 அங்குலம், 6 ஜே (அதாவது 6 அங்குல) அகலம், ஆஃப்செட் 45 (வீலின் நடுக்கோட்டுக்கும் அது காரில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம், மி.மீ.; எண் குறைந்தால் வீல் வெளியே வரும்). டயர் 185/65 ஆர் 15.

டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு கை நுழையும் அளவு இடைவெளி இருக்கிறது. அது கண்ணை உறுத்துகிறது. காரின் உயரத்தை 35 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். கூடவே 16 அங்குல வீல், 7 ஜே, ஆஃப்செட் 38, அதில் 205/50 ஆர் 16 டயர் போடலாம் என்று எண்ணம். ஷாக் அப்சார்பரை மாற்றும் திட்டம் இப்போதைக்கு இல்லை. விடுமுறை நாட்களில் பின் இருக்கையில் ஆள் இருப்பார்கள், டிக்கியில் பெட்டிகள் இருக்கும்.

டயர் எங்கும் உரசக்கூடாது. அது ஒன்றுதான் நிபந்தனை. 35 மி.மீ. சரியா, அதிகமா?

#2 தாழ்வேஅழகு

35 எல்லாம் யாருக்கும் தெரியாது நண்பரே. பக்கத்தில் இன்னொரு காரை நிறுத்தி ஒப்பிட்டால்தான் இறக்கியிருக்கிறீர்கள் என்றே புலப்படும். 50 போடுங்கள். உரசினால் மட்கார்டு விளிம்பை உள்பக்கம் மடித்துவிட்டால் முடிந்தது. அளவெடுத்துக்கொண்டே இருந்தால் கார் மாறாது.

#3 பட்டறைக்காரர்

கருநீலஹேட்ச் தம்பி, 35-ஐப் பற்றி அப்புறம் பேசுவோம். உங்கள் கேள்வியில் எனக்குப் பயம் தருவது ஸ்பிரிங் அல்ல, வீல்.

உரசல் என்று பட்டறைக்கு வரும் கார்களைப் பார்த்தால் பாதி ஸ்பிரிங்கே மாற்றாதவை. அகல வீலும் குறைந்த ஆஃப்செட்டும்தான் அங்கே குற்றவாளி. ஸ்பிரிங் மட்டும் மாற்றி, வீலும் பம்ப் ஸ்டாப்பும் கம்பெனியுடையவையாகவே இருந்தால், உரசல் என்று வருகிறவர்கள் மிகவும் குறைவு. காரணம் எளிது. டயர் அதிகபட்சம் எவ்வளவு உயரம் ஏறலாம் என்பதைத் தீர்மானிப்பது பம்ப் ஸ்டாப். ஷாக்கின் தண்டில் மாட்டியிருக்கும் அந்த நுரை போன்ற துண்டு. ஸ்பிரிங் குட்டையாக இருந்தாலும் நெட்டையாக இருந்தாலும் டயர் ஏறி நிற்கும் கடைசி இடம் ஒன்றேதான். அந்த இடத்தில் உரசாத கார், இறக்கிய பிறகும் உரசாது. ஆனால் அந்த இடத்துக்கு முன்பு எப்போதாவது போனது, இனி அடிக்கடி போகும்.

எனவே முதலில் கேட்க வேண்டியது "எவ்வளவு இறக்கலாம்" என்பதல்ல. "புது வீலும் டயரும் பம்ப் ஸ்டாப் முழுக்க நசுங்கும் நிலையில் மட்கார்டுக்குள் அடங்குமா" என்பதுதான்.

#4 முறுக்குவிசை

பட்டறைக்காரர் அண்ணா சொன்னதற்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பழைய வீல் 6 ஜே, ஆஃப்செட் 45. புதியது 7 ஜே, ஆஃப்செட் 38. அகலம் ஓர் அங்குலம் கூடியதால் ரிம் இரு பக்கமும் 12.7 மி.மீ. விரிகிறது. ஆஃப்செட் 7 குறைந்ததால் வீல் முழுவதும் 7 மி.மீ. வெளியே நகர்கிறது. ரிம்மின் வெளிவிளிம்பு 19.7 மி.மீ. வெளியே வருகிறது, உள்விளிம்பு 5.7 மி.மீ. உள்ளே போகிறது.

உரசுவது பெரும்பாலும் ரிம் அல்ல, டயரின் தோள்பட்டை (பக்கச்சுவரும் ஓடுதளமும் சேரும் விளிம்பு). அதற்குத் தனிக் கணக்கு. டயரின் அகலம் 185 மி.மீ.யிலிருந்து 205 என்றால் பக்கத்துக்கு 10 மி.மீ. கூடுதல், அதோடு ஆஃப்செட்டின் 7. ஆக டயர் 17 மி.மீ. வெளியே, 3 மி.மீ. உள்ளே. விட்டம் 621.5-லிருந்து 611.4-க்குக் குறைகிறது. அதனால் டயரின் உச்சி 5 மி.மீ. கீழே வருவது ஒரு சின்ன ஆறுதல்.

மட்கார்டு விளிம்புக்கு அருகே 17 மி.மீ. என்பது சாதாரண அளவு இல்லை. எந்த ஸ்பிரிங் போட்டாலும், போடாவிட்டாலும், அந்த 17 அங்கேயே இருக்கும்.

இதையே 6.5 ஜே, ஆஃப்செட் 43, டயர் 195/55 ஆர் 16 என்று வைத்துப் பாருங்கள். டயர் 7 மி.மீ. மட்டும் வெளியே வரும். உள்பக்கம் அதே 3. விட்டம் 620.9, ஏறக்குறைய கம்பெனி அளவே. ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லாது.

#5 தாழ்வேஅழகு

> பட்டறைக்காரர் எழுதியது: அந்த இடத்தில் உரசாத கார், இறக்கிய பிறகும் உரசாது.

ஏற்க முடியவில்லை. கம்பெனி வீலோடு ஸ்பிரிங் மட்டும் மாற்றி உரசிய காரை நேரில் பார்த்திருக்கிறேன்.

#6 பட்டறைக்காரர்

> தாழ்வேஅழகு எழுதியது: கம்பெனி வீலோடு ஸ்பிரிங் மட்டும் மாற்றி உரசிய காரை நேரில் பார்த்திருக்கிறேன்.

பார்த்திருப்பீர்கள். அந்தக் காரின் பம்ப் ஸ்டாப்பைப் பார்த்தீர்களா? பல லோவரிங் ஸ்பிரிங்குகளின் பெட்டியிலேயே ஸ்டாப்பை இத்தனை மி.மீ. வெட்டு என்று குறிப்பு இருக்கும், அல்லது குட்டையான ஸ்டாப் கூடவே வரும். வெட்டாவிட்டால் கார் நிற்கும்போதே ஸ்டாப்பின் மேல் உட்கார்ந்துவிடும் என்பதற்காக அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் வெட்டினால் டயர் முன்பு போகாத உயரத்துக்குப் போகும். உரசல் அங்கே பிறக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஸ்டியரிங்கைப் பாதி திருப்பிய நிலையில் வேகத்தடையில் ஏறுவது. நேராகப் போகும்போது தொடாத லைனரை (மட்கார்டின் உள்பக்கப் பிளாஸ்டிக் உறையை), திரும்பிய டயரின் மூலை தொடும். கம்பெனி உயரத்தில் அந்த இரண்டும் ஒன்றாக நிகழ்வது அபூர்வம். இறக்கிய காரில் அது தினசரிக் காட்சி.

#7 நான்குபேர்பயணம்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எல்லோரும் மட்கார்டையே பார்க்கிறீர்கள். அவர் பின் இருக்கையில் ஆள், டிக்கியில் பெட்டி என்றும் எழுதியிருக்கிறார். ஆள் ஏறினால் பின்பக்கம் எவ்வளவு அமுங்கும்?

#8 முறுக்குவிசை

நல்ல கேள்வி. எண்களை உதாரணத்துக்காக எடுத்துக்கொள்கிறேன், உங்கள் காருக்கு மாறும். ஆனால் போக்கு மாறாது.

கம்பெனி உயரத்தில் பின் சக்கரம் மேலே ஏற 70 மி.மீ. இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 35 இறக்கினால் மிச்சம் 35. பின் இருக்கையில் இருவரும் பெட்டிகளும் சேர்ந்து பின் ஆக்சிலுக்கு 150 கிலோ கூடுகிறது, சக்கரத்துக்கு 75 கிலோ. சக்கரத்தில் அளந்தால் ஸ்பிரிங்கின் கடினம் மி.மீ.க்கு 28 நியூட்டன் என்றால் கார் 26 மி.மீ. அமுங்கும். மிச்சம் 9 மி.மீ. அதாவது கார் கிளம்பும்போதே பம்ப் ஸ்டாப்பின் மடியில். 25 மட்டும் இறக்கியிருந்தால் 19 மி.மீ. மிஞ்சியிருக்கும்.

"ஸ்பிரிங்தான் கடினமாகிறதே, அது ஈடுகட்டிவிடாதா" என்று அடுத்து யாராவது கேட்பார்கள். ஈடுகட்டாது. ஒரு பள்ளத்தின் அடியை ஸ்பிரிங் விழுங்கும் ஆற்றல், கடினத்துக்கு நேர் விகிதத்திலும், அமுங்கும் தூரத்தின் இருமடிக்கு நேர் விகிதத்திலும் வளர்கிறது. முன் சக்கரத்தில் 25 நியூட்டன் ஸ்பிரிங் 70 மி.மீ. அமுங்கினால் 61 ஜூல். ஐந்தில் ஒரு பங்கு கடினம் கூட்டி 30 நியூட்டன் ஆக்கி, 35 மி.மீ. தூரம் கொடுத்தால் 18 ஜூல். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 25 மி.மீ. மட்டும் இறக்கி 45 மி.மீ. விட்டுவைத்தால் 30 ஜூல், ஏறக்குறையப் பாதி. தூரம் பாதியானால் பழைய அளவு அடியைத் தாங்க ஸ்பிரிங் நான்கு மடங்கு கடினமாக வேண்டும். அப்படி ஒரு ஸ்பிரிங்கை எந்தக் கம்பெனியும் சாலைக்கு விற்காது, போட்டால் உங்கள் முதுகும் சம்மதிக்காது.

மீதியை விழுங்குவது யார்? பம்ப் ஸ்டாப்தான். இறக்கிய சிறிய கார்களில் அது அவசரத்துக்கு வைத்த ரப்பர் இல்லை, இரண்டாவது ஸ்பிரிங். நல்ல ஸ்டாப்புகள் அப்படித்தான் வடிவமைக்கப்படுகின்றன: முதலில் மெதுவாக, போகப் போக வேகமாகக் கடினமாகும். அதைப் பிய்த்து எறியச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

#9 மதில்மேல்பூனை

நானும் இதே மாதிரி யோசனையில் இருப்பவன். அப்படியானால் ஸ்பிரிங்கை மாற்றாமல், விட்டம் குறைந்த டயர் போட்டுக் காரை இறக்கினால் என்ன? ஸ்பிரிங்கின் தூரம் அப்படியே இருக்குமே.

#10 முறுக்குவிசை

இருக்கும். 195/50 ஆர் 15 போட்டால் விட்டம் 576 மி.மீ., கார் தரையை நோக்கி 22 மி.மீ.க்கும் சற்று அதிகமாக இறங்கும், சஸ்பென்ஷனின் ஒரு மி.மீ.கூடக் குறையாது, உரசலும் வராது. ஆனால் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி அதே 22 மி.மீ. கூடிவிடும். கண்ணை உறுத்தியதே அதுதானே? ஸ்பீடோமீட்டரும் உண்மையான வேகத்தைவிட ஏழெட்டு சதவீதம் கூடுதலாகக் காட்டும்.

அதைவிட முக்கியமானது பாரக் குறியீடு. 185/65 ஆர் 15-இல் வழக்கமாக 88 இருக்கும், அதாவது டயருக்கு 560 கிலோ. 195/50 ஆர் 15-இல் வழக்கமாக 82, அதாவது 475 கிலோ. டயருக்கு 85 கிலோவை இழக்கிறீர்கள். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் என்ன எண் இருக்கிறது என்று பார்க்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். 195/55 ஆர் 16-இல் சாதாரண வகை 87 (545 கிலோ), கூடுதல் பாரம் தாங்கும் வகை 91 (615 கிலோ).

#11 கருநீலஹேட்ச்

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மிக்க நன்றி. 7 ஜே யோசனையைக் கைவிட ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன். இரண்டு கேள்விகள்.

அண்ணா, பம்ப் ஸ்டாப் முழுக்க நசுங்கும் நிலையை வீட்டில் எப்படிச் சோதிப்பது? அடுத்தது, லீனியர் ஸ்பிரிங்கா, புரோகிரஸிவ் ஸ்பிரிங்கா?

#12 பட்டறைக்காரர்

முதல் கேள்விக்கு என் பதில்.

காரை ஜாக்கியின் மேல் மட்டும் நிறுத்தி எதையும் செய்யாதீர்கள், தாங்கு ஸ்டாண்டு வேண்டும். பின்பக்கம் எளிது. டார்ஷன் பீம் கார்கள் பலவற்றில் ஸ்பிரிங் தனியாகவும் ஷாக் தனியாகவும் இருக்கும். ஷாக்கின் அடிப் போல்ட்டைக் கழற்றிப் பீமை இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வரும். பிரேக் குழாய் இழுபடாமல் பாருங்கள். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு ஷாக்கைத் திரும்ப மாட்டுங்கள். புது வீலை மாட்டுங்கள், இரவலாக ஒன்று கிடைத்தால் போதும். இப்போது ஜாக்கியைப் பீமின் அடியில் வைத்து மெதுவாக உயர்த்தினால் சக்கரம் ஸ்டாப்பைத் தொடும் வரை சிரமமின்றி ஏறும். அதன் பிறகு ஸ்டாப் நசுங்கத் தொடங்கும். ஓட்டத்தில் வேகமாக அடிபடும்போது ஸ்டாப் தன் நீளத்தில் பாதிக்கும் மேல் நசுங்கும். நான் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும் வரை ஏற்றிப் பார்ப்பேன். கார் ஸ்டாண்டை விட்டு எழும்பத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள், ஸ்டாப்பை எடுத்துவிட்டு அந்த உயரத்துக்கு மட்டும் ஏற்றி அளந்துகொள்ளலாம்.

அந்த நிலையில் டயரின் தோளுக்கும் மட்கார்டின் உள்மடிப்புக்கும் இடையே விரல் தடிமன் இருந்தால் நிம்மதி. 5 மி.மீ.க்குக் கீழே என்றால் எனக்குத் தூக்கம் வராது, ஏனென்றால் வளைவில் டயரே பக்கவாட்டில் சாயும், சஸ்பென்ஷன் இணைப்புகளிலுள்ள ரப்பர் புஷ்கள் நெளியும்.

முன்பக்கம் ஸ்பிரிங் கம்ப்ரெஸர் இல்லாமல் ஸ்ட்ரட்டைப் பிரிக்காதீர்கள். ஸ்பிரிங்கைக் கம்ப்ரெஸரால் அழுத்திப் பிடிக்காமல் மேல் நட்டைக் கழற்றினால் அது உயிருக்கே ஆபத்து. பழக்கம் இல்லை என்றால் இந்த ஒரு வேலையை மட்டும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். ஸ்பிரிங் இல்லாத ஸ்ட்ரட்டை மாட்டி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஒவ்வொரு உயரத்திலும் பாருங்கள். பிரிக்கவே மனமில்லை என்றால் வேறு வழி: லைனரில் சந்தேகமான இடங்களில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி ஒட்டிவிட்டு, ஆள் ஏற்றி, மேடு பள்ளத்தில் ஓட்டிவிட்டு வாருங்கள். எங்கே எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று அதுவே சொல்லும். ஷாக்கின் தண்டில் ஒரு பிளாஸ்டிக் டையை இறுக்கிவிட்டால் சக்கரம் எவ்வளவு தூரம் ஏறியது என்பதும் தெரியும்.

உயரத்தை அளக்கும்போது தரையிலிருந்து மட்கார்டு வரை அளக்காதீர்கள். டயர் மாறினால் அந்த எண் மாறும். ஹப்பின் (சக்கரம் மாட்டும் மையம்) நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளந்து எழுதிவையுங்கள்.

#13 முறுக்குவிசை

இரண்டாவது கேள்விக்கு நான். லீனியர் என்றால் எவ்வளவு அமுங்கினாலும் ஒரே கடினம் உள்ள ஸ்பிரிங், புரோகிரஸிவ் என்றால் அமுங்க அமுங்கக் கடினமாகும் ஸ்பிரிங். ஒரு முனையில் சுற்றுகள் நெருக்கமாக இருக்கும், அவை முதலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மீதிச் சுற்றுகள் மட்டும் வேலை செய்வதால் கடினம் கூடும். சுற்றுகளின் எண்ணிக்கை குறைந்தால் கடினம் அதே விகிதத்தில் ஏறும் என்பதுதான் சூத்திரம். விளம்பரம் சொல்லாத ஒன்று: லோவரிங் ஸ்பிரிங்குகள் பலவற்றில் அந்த நெருக்கமான சுற்றுகள் கார் தன் எடையில் நிற்கும்போதே முழுக்க மூடிக்கொண்டிருக்கும். அதன் பிறகு அது லீனியர்தான். அந்தச் சுற்றுகளின் உண்மையான வேலை, சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இருப்பிடத்தை விட்டு நழுவாமல் பிடித்துவைப்பது. அதுவும் அவசியமான வேலையே.

எனவே பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். அளவைப் பாருங்கள். ஐபாக் நிறுவனத்தையே எடுத்துக்கொண்டால் ப்ரோ-கிட் மிதமாக இறக்கும், ஸ்போர்ட்லைன் அதைவிட ஆழமாக இறக்கும். கம்பெனி ஷாக்கோடு ஓட்டப்போகிறவருக்கு முதல் வகைதான் பொருந்தும். பிற நிறுவனங்களிலும் இப்படி இரண்டு படிகள் இருக்கும்.

பெட்டியில் எழுதியிருக்கும் 30 அல்லது 35 என்பது அடிப்படை மாடலின் உயரத்திலிருந்து. உங்கள் கார் ஸ்போர்ட்ஸ் சஸ்பென்ஷன் மாடல் என்றால் அது ஏற்கெனவே கொஞ்சம் இறங்கியிருக்கும், கிடைப்பது குறைவாகவே இருக்கும். முன் ஆக்சிலின் எடையும் பொருந்த வேண்டும். டீசல் எஞ்சினுக்கான ஸ்பிரிங்கைப் பெட்ரோல் காரில் போட்டால் மூக்கு தூக்கிக்கொண்டு நிற்கும், மாற்றிப் போட்டால் மூக்கு குத்திக்கொண்டு நிற்கும்.

ஓட்டும் சுகத்துக்கும் ஒரு எண். முன் சக்கரத்தின் மேல் 300 கிலோ உடல் எடை, கடினம் 25 நியூட்டன் என்றால் கார் நொடிக்கு 1.45 தடவை ஆடும். 30 நியூட்டன் என்றால் 1.6. வித்தியாசம் தெரியும், வலிக்காது. கம்பெனி ஷாக் அதற்குள் பெரும்பாலும் சமாளிக்கும். அதற்கு மேல் போனால் ஸ்பிரிங் மேலே எழும்பும் வேகத்தைப் பழைய ஷாக்கால் பிடித்து நிறுத்த முடியாது, கார் குதிக்கும்.

#14 மதில்மேல்பூனை

கம்பெனி ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை வெட்டிவிட்டால் கடினமும் கூடும், உயரமும் குறையும் என்று சொல்கிறார்களே? கேட்டதற்கு அடிக்க வராதீர்கள்.

#15 பட்டறைக்காரர்

அடிக்கவில்லை. ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் ஐந்தில் ஒரு பங்கு கடினம் கூடும், கணக்கு சரிதான். ஆனால் ஸ்பிரிங்கின் முனை இருக்கையில் அமர்வதற்கென்றே வளைக்கப்பட்டிருக்கும். வெட்டிய முனை கூர்மையாக, சாய்வாக நிற்கும். சக்கரம் தொங்கினால் நழுவும், திரும்பி உட்காரும்போது வேறு இடத்தில் உட்காரும். வாயுச் சுடரால் சூடாக்கி அமுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் எழுத எனக்குப் பொறுமை இல்லை.

#16 தாழ்வேஅழகு

வெட்டுவதை நானும் ஆதரிக்கவில்லை, தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் எல்லோரும் சேர்ந்து அவரைப் பயமுறுத்தி 25-க்கு இறக்கிவிட்டீர்கள். மட்கார்டை மடித்து, முன்னால் கேம்பர் போல்ட் (சக்கரத்தின் உச்சியை உள்பக்கம் சாய்க்கும் போல்ட்) போட்டு, 7 ஜே வீலை அழகாக அடக்கியவர்கள் ஆயிரம் பேர். ஒரு டிகிரி கேம்பர் கொடுத்தால் டயரின் உச்சி 5 மி.மீ. உள்ளே போகும். அவருக்குப் பிடித்த வீலை ஏன் மறுக்க வேண்டும்?

#17 முறுக்குவிசை

5 மி.மீ. சரி. ஆனால் போல்ட்டில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கேம்பர் போல்ட் ஸ்ட்ரட்டின் அடியில், ஹப்போடு சேரும் இடத்தில் வருகிறது. அங்கே சாய்த்தால் டயரின் உச்சி மட்கார்டை விட்டு விலகும், அதே அளவுக்கு ஸ்ட்ரட்டை நெருங்கும். 7 ஜே வீல் ஏற்கெனவே உள்பக்கத்தில் 5.7 மி.மீ. எடுத்துக்கொண்டுவிட்டது. ஸ்பிரிங் தட்டுக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழையாமல் போய்விடும். மேல் மவுண்ட்டில் சாய்த்தால் ஸ்ட்ரட்டும் சேர்ந்தே சாயும், அந்தப் பிரச்சினை இல்லை.

பின்னால் டார்ஷன் பீம். இரு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது கேம்பர் ஏறக்குறைய மாறாது, டயர் நேராக மேலே, நேராக மட்கார்டு விளிம்புக்குள். ஆப்பு வடிவத் தகடு வைத்தால் ஒழிய அங்கே சரிசெய்யவும் வழியில்லை. இந்த மாதிரிக் கார்களில் பின்பக்கம்தான் முதலில் உரசும் என்பது அதனால்தான்.

#18 பட்டறைக்காரர்

மடிப்பதைப் பற்றி. முன் மட்கார்டு போல்ட்டில் நிற்கும் ஒற்றைத் தகடு. சூடாக்கி, ஹப்பில் மாட்டும் உருளையால் மெதுவாக, பல சுற்றில் மடித்தால் பெயின்ட் தாங்கும். பின்பக்கம் அப்படி இல்லை. அங்கே வெளித் தகடும் உள்தகடும் சேரும் மடிப்பு இருக்கிறது, நடுவில் நீர் புகாமலிருக்க ஸீலன்ட் பூசியிருக்கும். மடிக்கும்போது அது விரிசல் விட்டால் வெளியில் ஒன்றும் தெரியாது. உள்ளே துரு தன் வேலையைத் தொடங்கிவிடும். மடித்தே ஆக வேண்டும் என்றால் மறுபடி ஸீலன்ட் பூசுகிறாரா என்று நின்று பாருங்கள்.

தாழ்வேஅழகு தம்பியின் ரசனையோடு எனக்குச் சண்டை இல்லை. தனி ஆளாக, நல்ல சாலையில் ஓட்டுகிறவர் செய்யட்டும். கேள்வி கேட்டவர் பெட்டியும் ஆளும் ஏற்றுகிறவர்.

#19 தாழ்வேஅழகு

ரசனைக்குச் சண்டை இல்லை என்றதற்கு நன்றி. என் கருத்து மாறவில்லை. பொருத்தியதும் படம் போடுங்கள் கருநீலஹேட்ச், இடைவெளியைப் பார்த்துவிட்டு நீங்களே 50-க்கு வருவீர்கள்.

#20 கருநீலஹேட்ச்

வேலை முடிந்துவிட்டது. பெட்டியில் 25 முதல் 30 மி.மீ. என்று போட்டிருக்கும் ஸ்பிரிங். 16 அங்குலம், 6.5 ஜே, ஆஃப்செட் 43, டயர் 195/55 ஆர் 16, பாரக் குறியீடு 91. பம்ப் ஸ்டாப்பை வெட்டச் சொல்லிக் குறிப்பு எதுவும் இல்லை, எனவே வெட்டவில்லை. ஹப்பிலிருந்து அளந்ததில் முன்னால் 29, பின்னால் 24 குறைந்திருக்கிறது. முன்பக்க இடைவெளிதான் முதலில் பெரிதாக இருந்தது, இப்போது இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன.

பின்பக்கம் ஸ்பிரிங் இல்லாமல் ஏற்றிப் பார்த்ததில் டயரின் தோளுக்கும் மடிப்புக்கும் நடுவே 11 மி.மீ. அந்த 7 ஜே வீலாக இருந்திருந்தால் அங்கே ஏறக்குறைய 1 மி.மீ. மட்டுமே மிஞ்சியிருக்கும் என்று கழித்துப் பார்த்தபோது தெரிந்தது. ஆள் ஏற்றி ஓட்டியும் களிமண் நசுங்கவில்லை.

ஒரே ஒரு சத்தம். பின்னோக்கி வரும்போது ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுக்கத் திருப்பினால் முன்னால் "சர்ர்" என்று மெல்லிய உரசல். முன்னோக்கிப் போகும்போது இல்லை. டயரில் கீறல் இல்லை.

#21 பட்டறைக்காரர்

அது லைனர் தம்பி. பம்பருக்கும் லைனருக்கும் சேரும் இடத்தில் பிளாஸ்டிக் உள்பக்கம் புடைத்திருக்கும், அல்லது அங்கே இருக்கும் ஸ்க்ரூவின் தலை நீட்டிக்கொண்டிருக்கும். டயர் எங்கே தொடுகிறதோ அங்கே லைனர் பளபளவென்று தேய்ந்திருக்கும், அதுதான் அடையாளம். இது உயரத்தால் வந்ததில்லை, டயரின் அகலத்தால் வந்தது. சூடான காற்றுத் துப்பாக்கியால் அந்த இடத்தை இளக்கி, தடித்த துணியை வைத்து வெளிப்பக்கமாக அழுத்தி, ஆறும் வரை பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ என்றால் தட்டைத் தலை உள்ளதாக மாற்றுங்கள். லைனரை வெட்டி எறியாதீர்கள், மழைநீரும் சேறும் ஹெட்லைட் பக்கம் போகும்.

ஒரு கேள்வி. கீழ்க் கையின் (சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் தண்டு) புஷ் போல்ட்டுகளைக் கார் தரையில் நிற்கும்போது இறுக்கினார்களா, சக்கரம் தொங்கும்போதா?

#22 கருநீலஹேட்ச்

தொங்கும்போதுதான் என்று நினைக்கிறேன் அண்ணா. ஏன்?

#23 பட்டறைக்காரர்

ரப்பர் புஷ் இறுக்கிய நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். தொங்கும்போது இறுக்கினால் கார் தரையில் நிற்கும் நேரம் முழுவதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருக்கும், உயரமும் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், புஷ் சீக்கிரம் கிழியும். சக்கரங்கள் தரையில் இருக்கும்படி சரிவு மேடையில் ஏற்றி, போல்ட்டுகளைத் தளர்த்தி, காரை இரண்டு முறை அமுக்கிவிட்டு, கம்பெனி சொல்லும் டார்க்கில் திரும்ப இறுக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு ஓரிரு வாரம் ஓட்டுங்கள், ஸ்பிரிங் இன்னும் சில மி.மீ. உட்காரும். அலைன்மென்ட்டை அப்போது செய்யுங்கள். இப்போதே செய்தால் டோ (சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் அளவு) மறுபடி மாறிவிடும், டயரின் உள்விளிம்பு தேயும். ஹெட்லைட்டின் உயரத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

#24 முறுக்குவிசை

முன்னால் 29, பின்னால் 24 என்று இறங்கியிருப்பதால் விளக்கு சற்றுக் கீழே பார்க்கும். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருக்கும் மாடல் என்றால் அதற்கும் மறு அளவீடு தேவையா என்று காரின் கையேட்டில் பாருங்கள்.

#25 கருநீலஹேட்ச்

கேமரா இல்லாத மாடல். புஷ் போல்ட்டுக்கு நாளைக்கே நேரம் வாங்கிவிட்டேன். லைனரில் அண்ணா சொன்ன இடத்திலேயே பளபளப்பு இருந்தது, இளக்கி அழுத்தியதும் சத்தம் நின்றுவிட்டது. படம் இன்று மாலை போடுகிறேன். தாழ்வேஅழகு, 50 பற்றி மட்டும் மறுபடி கேட்காதீர்கள்.